ஹீத்ரோவில் நெரிசல்: கடைசி 15 மைலுக்குத் தயாரா?

கேள்வி: வாட்சிமில் (கணினியில் விமானம் ஓட்டுவோரும் கன்ட்ரோலர்களும் இணையத்தில் ஒன்றுசேரும் வலையமைப்பு) நடக்கும், அட்லாண்டிக்கைக் கடக்கும் 'கிராஸ் தி பாண்ட்' நிகழ்வில் முன்பதிவு கிடைத்திருக்கிறது. ஏர்பஸ் ஏ330-இல் லண்டன் ஹீத்ரோவுக்குப் போகிறேன். தனியாகப் பறக்கும்போது எல்லாம் சரியாக வருகிறது. கூட்டத்தில் எங்கே தடுமாறும்?

பதில்: பலருக்கும் தடுமாறுவது அட்லாண்டிக்கின் மேலே அல்ல, தரையிறங்கப் போகும் கடைசி 15 மைலில்தான். ஹீத்ரோவில் இறுதி அணுகலின்போது 180 நாட், பிறகு 160 நாட் என்று வேகம் கொடுப்பார்கள். அந்த 160-ஐ 4 டி.எம்.இ. வரை (ஓடுபாதைக்கு 4 மைல் என்று தூரக் கருவி காட்டும் வரை) விடக்கூடாது. நீங்கள் 8 மைலிலேயே ஃபிளாப்பை (மெதுவாகப் பறக்க உதவும் இறக்கைத் தகடு) முழுக்க இறக்கி 135-க்கு வந்துவிட்டால், 3 மைல் பின்னால் வருபவருக்கும் உங்களுக்கும் உள்ள இடைவெளியில் முக்கால் மைல் கரைந்துவிடும். நீங்கள் பத்திரமாக இறங்கிவிடுவீர்கள். அவர்தான் கோ-அரவுண்ட் (இறங்காமல் மறுபடி மேலேறுவது) போக வேண்டும். அவரை மறுபடி வரிசையில் செருக, கன்ட்ரோலர் இன்னும் நாலு பேரை நகர்த்த வேண்டியிருக்கும்.

ஏர்பஸ்ஸில் இது கவனிக்காமலே நடந்துவிடும். வேகத்தை 'மேனேஜ்டு' நிலையில் விட்டால், ஃபிளாப் இறங்க இறங்க விமானம் தானாகவே வேகத்தைக் குறைக்கும். ஆகவே வேகக் குமிழை இழுத்து நீங்களே 160 வையுங்கள்; ஃபிளாப் 2 போதும். வேகம் அதற்குமேல் ஏறினால் சக்கரத்தை இறக்குங்கள். 4 மைல் வந்ததும் மீதி ஃபிளாப்பை இறக்கி, மறுபடி 'மேனேஜ்டு' ஆகக் குமிழை அழுத்துங்கள்.

அதற்கு முன்னால் ஹோல்டிங் (முறை வரும்வரை வானில் சுற்றிக் காத்திருப்பது) வரும். மேற்கிலிருந்து வருவோருக்குக் காத்திருக்கும் இடம் பெரும்பாலும் ஓக்ஹாம் அல்லது பாவிங்டன். ஃபிளைட் லெவல் 140-லும் (சுமார் 14,000 அடி) அதற்குக் கீழும் அங்கே 220 நாட்டுக்கு மேல் போகக்கூடாது. திரும்பும் பக்கத்தை வரைபடத்தில் பார்த்து, விமானத்தின் கணினியில் முன்கூட்டியே ஏற்றிவையுங்கள். ஹோல்டிங்கில் ஏ330 மணிக்குச் சுமார் 5 டன் எரிபொருள் குடிக்கும். அரை மணிக்கு இரண்டரை டன் கூடுதலாகப் போட்டுக்கொள்வது நல்லது.

கேள்வி: ரேடியோவில் இடைவிடாமல் பேச்சு. எப்படி உள்ளே நுழைவது?

பதில்: கன்ட்ரோலர் பேசி முடித்ததும் பொத்தானை அழுத்தாதீர்கள். அவர் சொன்னதை உரிய விமானி திருப்பிச் சொல்லி முடிக்கட்டும். பேசப்போவதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். டைரக்டரிடம் (இறங்குவோரை வரிசைப்படுத்தும் கன்ட்ரோலர்) மாறும்போது 'கால்சைன் ஒன்லி' என்று சொல்லியிருந்தால் கால்சைன் (விமானத்தின் அழைப்புப் பெயர்) மட்டும்தான். உயரம், வேகம் எல்லாம் அவர் திரையில் இருக்கிறது. உயரம், திசை, வேகம், கியூ.என்.எச். (உயரமானியில் வைக்கும் காற்றழுத்த அளவு), அலைவரிசை ஆகியவற்றைக் கட்டாயம் திருப்பிச் சொல்ல வேண்டும். 'ஸ்டாண்ட்பை' என்றால் பதிலே வேண்டாம்.

கேள்வி: கடலின் மேல் பல மணி நேரம் பறக்கிறோமே, தூங்கலாமா?

பதில்: கூடாது. விமானத்தை 30 நிமிடத்துக்கு மேல் ஆளில்லாமல் விடுவதை வாட்சிம் விதி அனுமதிப்பதில்லை.

கேள்வி: எங்கே நின்றுகொண்டு வாட்சிமில் இணைய வேண்டும்?

பதில்: கேட்டில் அல்லது நிறுத்துமிடத்தில். ஓடுபாதையில் இணைந்தால், இறங்கிக்கொண்டிருப்பவரின் முன்னால் திடீரென்று முளைப்பீர்கள். நீங்கள் தேர்ந்த இடத்தில் வேறொருவர் ஏற்கெனவே நின்றால், இணைப்பைத் துண்டித்து வேறு இடம் பாருங்கள்.