கிட்டாரும் தாளவாத்தியமும் மட்டும் சேர்ந்தால் கிட்டார் ஒலி அமுங்கிவிடாதா?

அந்தப் பயம் நியாயமானதுதான். நைலான் தந்தியின் ஒலி சன்னமானது. மீட்டியதுமே தேயத் தொடங்கிவிடும். டிரம்மை ஓங்கி அடித்தால் கதை முடிந்தது. அதனால் இந்த ஜோடிக்கு எழுதுபவர்கள் பெரும்பாலும் உரசும், சிணுங்கும் கருவிகளையே நாடுகிறார்கள். வரிவரியாகப் பள்ளம் வெட்டிய சுரைக்குடுக்கையைக் குச்சியால் உரசினால் கரகரவென்று கேட்கும். கிட்டாருக்கும் இடம் கிடைக்கும்.

சரி, எதைக் கேட்பது? அமெரிக்க இசையமைப்பாளர் ஜார்ஜ் க்ரம் 1998-இல் எழுதிய ‘முண்டுஸ் கானிஸ்’. லத்தீனில் ‘நாயுலகம்’. அவர் வீட்டில் வளர்ந்த ஐந்து நாய்களுக்கு ஆளுக்கொரு பகுதி (நாய்க்கும் ‘ஆள்’தான்!). கடைசி நாய் யோடா படு சுட்டி போல. முடிவில் தாளக் கலைஞர் வாய்விட்டே ‘பேட் டாக்!’ என்று அதட்டுகிறார். பதிவில் தாளக் கருவிகளை வாசித்தவரும் க்ரம்தான்.