போகப் போக விலகும் பேச்சு: படத்தொகுப்புக் கேள்வி பதில்

கேள்வி: இரண்டு ஆண்டுகளாகக் கைத்தொலைபேசியில் கேப்கட்டில் குடும்ப விழாக்களைத் தொகுத்து வந்தேன். இப்போது மடிக்கணினியில் டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்புக்கு மாறியிருக்கிறேன். 40 நிமிட நிச்சயதார்த்தக் காட்சியில், தொடக்கத்தில் ஒட்டி நிற்கும் பேச்சு போகப் போக உதட்டசைவை விட்டு விலகுகிறது. மென்பொருளில் கோளாறா?
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: கோளாறு கோப்பில்தான். நொடிக்கு 30 படம் என்று அமைப்பில் போட்டிருந்தாலும் கைத்தொலைபேசி அதை அப்படியே கடைப்பிடிப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் வேகம் கொஞ்சம் இறங்கும், பிறகு ஏறும். ஒரு நிமிடக் காணொளியில் இது கண்ணில் படாது. 40 நிமிடத்தில் சிறுகச் சிறுகச் சேர்ந்து, உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் ஆகிவிடும்.

ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து, வீடியோ பகுதியில் ஃபிரேம் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை படம் என்பதை, 30 என்றும், அதன் கீழே ‘கான்ஸ்டன்ட்’ (மாறாதது) என்றும் வையுங்கள். தர அளவு ஆர்எஃப் 18 போதும். மூலக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

அடுத்து ரிசால்வில் புதிய புராஜெக்ட். எதையும் உள்ளே இழுப்பதற்கு முன், வலப்பக்கக் கீழ் மூலையில் இருக்கும் பற்சக்கரத்தை அழுத்தி டைம்லைன் (காட்சிகளை அடுக்கும் தடம்) ஃபிரேம் ரேட்டை 30 ஆக்குங்கள். அது தானாக 24-இல்தான் நிற்கும். வேகம் பொருந்தாத கோப்பை முதன்முதலில் போட்டால் ‘மாற்றவா?’ என்று ஒரு பெட்டி கேட்கும். படிக்காமலே வேண்டாம் என்று தட்டிவிடுவோர்தான் அதிகம். காட்சிகள் உள்ளே வந்தபின் அந்தப் புராஜெக்டின் வேகம் பூட்டிக்கொள்ளும். 30 படத்தை 24-இல் ஓட்டினால் அசைவு வெட்டி வெட்டிப் போகும்.

மண்டப விளக்கில் கறுப்புப் பட்டைகள் ஓடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சிங்கப்பூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டரை, அதாவது ஒவ்வொரு படமும் ஒளி வாங்கும் நேரத்தை, 1/50 அல்லது 1/100 நொடி என்று பூட்டி எடுத்தால் பட்டை வராது. பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவசச் செயலியில் இதைக் கையால் வைக்கலாம். எடுத்து முடித்ததைச் சரிசெய்வது பெரும்பாடு.

விசைப்பலகையில் ஒன்று மட்டும் இப்போதே பழகிக்கொள்ளுங்கள். விண்டோஸ் கணினியில் பேக்ஸ்பேஸ் அழுத்தினால் துண்டு போய் இடைவெளி அப்படியே நிற்கும். டிலீட் அழுத்தினால் பின்னால் உள்ளவை முன்னே வந்து ஒட்டிக்கொள்ளும். கேப்கட்டின் முதன்மைத் தடத்தில் தானாக ஒட்டிப் பழகியவர்கள், முதல் வாரம் கறுப்பு இடைவெளிகளோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள்.

கேள்வி: அடோபியின் பிரீமியர் படத்தொகுப்பு மென்பொருளில் ‘பொங்கல்’ என்று தட்டினால் கொம்பு இடம் மாறி உட்காருகிறது. வேறு எழுத்துரு வாங்க வேண்டுமா?
– வாசகர், ஈசூன்

பதில்: வாங்க வேண்டாம். பிரிஃபரன்சஸில் கிராஃபிக்ஸ் பகுதிக்குப் போய், டெக்ஸ்ட் எஞ்சினை ‘சவுத் ஏஷியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்’ என்று மாற்றுங்கள். பழைய எழுத்து சரியாகாவிட்டால், புதிய எழுத்தடுக்கில் மறுபடி தட்டுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துரு இலவசம்தான்.

எந்த மென்பொருளுக்கு மாறினாலும் காசு கட்டும் முன் ‘கொடி’, ‘போ’, ‘ஸ்ரீ’ மூன்றையும் தட்டிப் பாருங்கள். சிதைந்தால், தலைப்பை வேறு செயலியில் செய்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாகக் கொண்டுவந்து மேல் தடத்தில் வையுங்கள். அழகு குறையாது, ஆனால் ஒரு எழுத்துப் பிழை கண்டால் மறுபடி முதலிலிருந்து.

கேள்வி: 8 ஜிபி நினைவக மடிக்கணினியில், ரிசால்வில் 4கே காட்சி திக்கித் திக்கி ஓடுகிறது. புதிது வாங்குவதா?
– வாசகர், பொங்கோல்

பதில்: ரிசால்வுக்கு 16 ஜிபி இருந்தால் நல்லது, ஆனால் முதலில் பிராக்ஸி, அதாவது தொகுக்கும்போது மட்டும் பயன்படும் இலகுவான நகல், செய்து பாருங்கள். கைத்தொலைபேசியின் எச்.265 (இறுக்கிச் சுருக்கிய காணொளி வகை) கோப்பில் ஒரு படத்தைக் காட்டவே அக்கம்பக்கத்துப் படங்களையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அங்கேதான் கணினி மூச்சு வாங்குகிறது. துண்டுகளைத் தேர்ந்தெடுத்து, வலச்சொடுக்கில் ‘ஜெனரேட் பிராக்ஸி மீடியா’ கொடுங்கள். அளவு கால் பங்கு போதும். பிளேபேக் பட்டியலில் ‘ப்ரிஃபர் பிராக்ஸிஸ்’ என்றிருக்கட்டும். இறுதியில் முடிந்த காணொளியைக் கோப்பாக வெளியே எடுக்கும்போது ‘யூஸ் பிராக்ஸி மீடியா’வில் குறி இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லையேல் மங்கலான படம்தான் வெளியே வரும்.