சுவரில் பட்டை ஓடினால் கேமராவை மாற்ற வேண்டுமா?

கேள்வி: வகுப்புக் குறும்படத்துக்காக ஓர் அறைக்குள் மிரர்லெஸ் கேமராவில் எடுத்தோம். சுவரில் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றன. நடிகர் ஜன்னல் பக்கம் போனால் முகம் தானாக இருட்டிவிடுகிறது. கேமரா வாடகைக்குத் தருபவர், “இந்தக் கேமரா பத்தாது, சினிமா கேமராவும் கிம்பலும் எடுத்துக்கோங்க” என்கிறார் (கிம்பல் என்றால் நடக்கும்போது கேமரா ஆடாமல் பிடிக்கும் கருவி). அடுத்த வாரம் மறுபடி ஷூட்டிங். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அட்வான்ஸ் கொடுத்திருந்தால் இன்றே திரும்பக் கேளுங்கள்.

அந்தப் பட்டை விளக்கிலிருந்து வருகிறது. மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி என்றால் சாதாரண டியூப் லைட் 100 தடவை மங்கிப் பிரகாசிக்கும். நம் கண்ணுக்குத் தெரியாது. கேமராவின் சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. ஷட்டர் வேகம், அதாவது ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் சென்சார் வெளிச்சம் வாங்கும் நேரம், விளக்கின் துடிப்போடு ஒத்துப்போகாவிட்டால் சில வரிகளில் வெளிச்சம் கூடும், சிலவற்றில் குறையும். நீங்கள் ஷட்டரை ஆட்டோவில் விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மேனுவலுக்கு மாற்றி 1/50 விநாடி வையுங்கள். விநாடிக்கு 24 அல்லது 25 ஃப்ரேமில் எடுக்கும்போது அசைவும் அதில்தான் இயல்பாக இருக்கும். 60 சுழற்சி மின்சாரம் உள்ள நாட்டில் 1/60. வாடகைக்காரர் காட்டும் பெரிய கேமராக்களிலும் பெரும்பாலானவை வரிவரியாகப் படிப்பவைதான். ஷட்டர் தப்பென்றால் அவற்றிலும் பட்டை வரும். தெரிந்தே இதை மறைத்து மாணவர்களிடம் பணம் பறிப்பது அநியாயம்.

1/50 வைத்தும் பட்டை போகாத இடம் ஒன்று உண்டு. டிம்மர் வைத்த மலிவு எல்இடி விளக்குகள். குமிழைத் திருப்பிக் குறைத்தால் இவற்றில் பல நிஜமாக மங்குவதில்லை, வேகவேகமாக அணைந்து அணைந்து எரிகின்றன. அந்த வேகத்துக்கும் மின்கம்பியின் 50-க்கும் சம்பந்தமே இல்லை. ஒரு மாணவி இதே பிரச்சினையோடு என்னிடம் வந்தார். இரண்டு கேமரா மாற்றிப் பார்த்தாயிற்று, வாடகையும் போயிற்று. அவருடைய விளக்கைப் பார்த்தால் டிம்மர் கால்வாசியில் நிற்கிறது. முழுக்க ஏற்றியதும் கேமராத் திரையில் ஊர்ந்துகொண்டிருந்த பட்டை காணாமல் போனது. ஆகவே எல்இடியைக் குமிழில் குறைக்காதீர்கள், தள்ளி வையுங்கள். தூரத்தை இரட்டிப்பாக்கினால் வெளிச்சம் ஏறக்குறைய நாலில் ஒன்றாகிவிடும். வெள்ளைத் துணியில் அடித்துத் திரும்ப வரவைத்தால் முகத்துக்கு மென்மையாகவும் இருக்கும். அப்படியும் பட்டை வந்தால் அந்த விளக்கு படப்பிடிப்புக்கு ஆகாது.

முகம் இருட்டுவது ஆட்டோ எக்ஸ்போஷர் செய்யும் வேலை. ஜன்னலின் பிரகாசத்தைக் கண்டதும் கேமரா மொத்தப் படத்தையும் குறைக்கிறது. ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்திறன்), அபர்ச்சர் (லென்ஸின் திறப்பு) இரண்டையும் முகத்துக்குப் பார்த்து வைத்துப் பூட்டிவிடுங்கள். ஜன்னல் வெளுத்தால் வெளுக்கட்டும். இன்னும் நல்ல வழி, ஜன்னல் நடிகரின் பக்கவாட்டில் வரும்படி கேமராவை நகர்த்துவது. பகல் காட்சியா? டியூப் லைட்டையே அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள், பட்டைத் தொல்லையும் சேர்ந்தே தீரும். வெளிச்சத்தின் நிறத்துக்கேற்ப வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் வொயிட் பேலன்ஸும் ஆட்டோவில் இருக்கக் கூடாது.

கிம்பல் இப்போது வேண்டவே வேண்டாம். அதைச் சமன்செய்யவே காலைப் பொழுது போய்விடும். டிரைபாடில் நிறுத்துங்கள், நடிகர் நடக்கட்டும்.

இவ்வளவும் முதல் வாரத்தில் வகுப்பில் சொல்லியிருக்க வேண்டியவை. லென்ஸ் வகைகளை மனப்பாடம் செய்யவைத்துப் பரீட்சை வைக்கிறார்கள், கேமராவைக் கையில் தருவதோ படிப்பு முடியும் நேரத்தில். அந்த ஓட்டையில்தான் வாடகைக்காரர்கள் புகுந்துகொள்கிறார்கள். எனக்கு ஆத்திரம் உங்கள் மேல் இல்லை.

நாளைக்கே அதே அறைக்குப் போங்கள். அதே விளக்கில், அதே கேமராவில் 1/50 வைத்து ஒரு நிமிடம் எடுங்கள். நண்பர் ஒருவரை ஜன்னல் வரை நடக்கவிடுங்கள். கேமராவின் சின்னத் திரையை நம்பாமல் லேப்டாப்பில் போட்டுப் பாருங்கள். சுவர் சுத்தமாக இருந்தால் வாடகைக்காரருக்குப் போன் போட்டு, கேமரா வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.