ஆப் காட்டும் 122-ம் மோட்ஸார்ட் எழுதிய அடாஜியோவும்

கேள்வி: எங்கள் பங்கின் பாடகர் குழு, திருவுடல் திருஇரத்தப் பெருவிழாவுக்கு மோட்ஸார்ட்டின் 'ஆவே வேரும் கோர்புஸ்' என்ற லத்தீன் பாடலைப் பாடப் போகிறது. பயிற்சிக்கு இரண்டு ரெக்கார்டிங் எடுத்து வைத்திருக்கிறேன். பாட்டின் வேகத்தையும் சுருதியையும் காட்டும் ஆப்பில் போட்டுப் பார்த்தால் 3 நிமிடம் ஓடும் ஒன்றை '122 பிபிஎம் (நிமிடத்துக்கு 122 தட்டு), டி மேஜர்' என்கிறது. 2 நிமிடம் 45 விநாடி ஓடும் இன்னொன்றை '67 பிபிஎம், டி ஃப்ளாட் மேஜர்' என்கிறது. இரண்டுக்கும் 'சோகம்' என்று வேறு போடுகிறது. எதை நம்பிப் பழகுவது?

பதில்: நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. 122 என்று காட்டும் ரெக்கார்டிங்தான் அதிக நேரம் ஓடுகிறது. அதாவது, அதுதான் மெதுவானது. இந்த ஒரு பொருத்தமின்மை போதும், ஆப்பை ஓரமாக வைக்க.

இந்தப் பாட்டு மொத்தம் 46 பார், அதாவது 46 தாளச் சுற்று. பாருக்கு நான்கு கால் நோட் என்றால் 184. பாட்டு 180 விநாடி ஓடினால் நிமிடத்துக்குச் சுமார் 61 வரும். ஆப் அதை இரட்டிப்பாக எண்ணி 122 ஆக்கிவிட்டது. 165 விநாடி ஓடினால் 67. அதைச் சரியாகச் சொல்லியிருக்கிறது. டிரம்ஸ் அடிக்கும் பாட்டில் தட்டு எங்கே என்று ஆப்புக்குத் தெளிவாகக் கேட்கும். இங்கே இழைந்து வரும் குரல், தந்திக் கருவிகள், ஆர்கன், அவ்வளவுதான். பிடித்துக்கொள்ள அதற்கு ஒன்றும் இல்லை. கடிகாரத்தை வைத்து நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். கடைசி ஒலி கோவிலுக்குள் கரையும் நேரத்தைக் கழித்துவிடுங்கள். கிடைப்பது சராசரிதான், நல்ல குழு வரிக்கு வரி கொஞ்சம் இளகும், கொஞ்சம் நகரும்.

இன்னொன்றும் கவனியுங்கள். மோட்ஸார்ட் 'அடாஜியோ', அதாவது மெதுவாக, என்று எழுதி, பாருக்கு இரண்டு தட்டு என்ற குறியும் போட்டிருக்கிறார். ஆகவே 61-ஐ நான்காக எண்ணிக் கை போடாதீர்கள். நிமிடத்துக்கு 30, 31 என்று இரண்டு பெரிய தட்டாகப் போடுங்கள். நான்காக எண்ணும் குழு ஒவ்வொரு சொல்லிலும் நின்று நின்று போகும். இரண்டாக எண்ணினால் வரி முழுசாக ஒரே மூச்சில் நிற்கும். என் அனுபவத்தில் சிறு குழுக்களுக்கு 60 முதல் 66 வரை சுகமாக இருக்கும். அதற்குக் கீழே போனால் வரியின் கடைசிச் சொல்லில் மூச்சு போதாது.

அடுத்து சுருதி. மோட்ஸார்ட் எழுதியது டி மேஜர்தான், நம் கணக்கில் இரண்டு கட்டை. டி ஃப்ளாட் என்றால் ஒன்றரைக் கட்டை. யாரும் தவறாகப் பாடவில்லை. கருவிகளைச் சேர்த்த அளவு வேறு. இன்று பொதுவாக ஏ ஸ்வரத்தை 440 ஹெர்ட்ஸில் வைக்கிறோம். பழங்காலக் கருவிகளைக் கொண்டு பதிவு செய்யும் குழுக்கள் மோட்ஸார்ட் காலத்து இசைக்கு 430 வைப்பது வழக்கம். அதற்கு முந்தைய பரோக் காலத்து இசைக்கு 415. 415 என்றால் முழுசாக அரைக் கட்டை இறங்கிவிடும். 430 என்றால் சுமார் 40 சென்ட் (அரைக் கட்டைக்கு 100 சென்ட்), அரைக் கட்டையில் பாதிக்கும் சற்றுக் குறைவு. அதோடு பாடுபவர்கள் இன்னும் ஒரு இழை இறங்கினால் ஆப் டி ஃப்ளாட் பக்கம் சாய்ந்துவிடும்.

சோதிப்பது எளிது. ட்யூனர் ஆப்பில் ஏ-யின் அளவை மாற்றலாம். 440, 430, 415 என்று வைத்து, பாட்டின் கடைசி கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களில்) எப்போது முள் நடுவில் நிற்கிறது என்று பாருங்கள். ட்யூனர் இல்லையென்றால் அந்தக் கடைசி கார்டின் அடிக்குரலை முனகிக்கொண்டே கீபோர்டில் தேடுங்கள்.

இதைச் சும்மா விடக்கூடாது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. நான் பயிற்சி கொடுத்த ஒரு குழு, மூன்று வாரம் இப்படி இறங்கிய பதிவோடு சேர்ந்து பாடியே பழகியது. விழாவுக்கு முந்தின நாள் ஆர்கன் 440-ல் தொடங்கியதும் சோப்ரானோக்கள், அதாவது உச்சக் குரல் பாடும் பெண்கள், எல்லாருக்கும் தொண்டை இறுகியது. தவறு என்னுடையது, முதல் நாளே நான் பார்த்திருக்க வேண்டும். உங்கள் ஆர்கன் அல்லது கீபோர்டு எந்தச் சுருதியில் இருக்கிறதோ, அதுதான் உங்கள் சுருதி. அந்த இரண்டாவது பதிவு பிடித்திருந்தால் வேகம் மாறாமல் சுருதியை மட்டும் ஏற்றும் வசதி பல பிளேயர்களில் இருக்கிறது.

அப்புறம் அந்தச் 'சோகம்'. மெதுவாக, சத்தம் குறைவாக, தாளம் தெறிக்காமல் ஒரு பாட்டு இருந்தால் இத்தகைய ஆப்கள் பெரும்பாலும் அப்படித்தான் பெயர் வைக்கும். வார்த்தை அவற்றுக்குத் தெரியாது. 1791 ஜூனில், வியன்னாவுக்கு அருகே பாடன் ஊரில், அங்கே பாடகர் குழுவை நடத்திய தன் நண்பர் அன்டன் ஷ்டோலுக்காக மோட்ஸார்ட் இதை எழுதினார். நீங்கள் பாடப்போகும் அதே திருவுடல் விழாவுக்காகத்தான். டிசம்பரில் அவர் இறந்துவிட்டார் என்பதால் பலர் இதில் மரண சோகத்தைத் தேடுகிறார்கள். பாட்டில் நான் கேட்பது ஆராதனை.

இரண்டாவது 'ஆவே'யைப் பாருங்கள். டி-யை ஸட்ஜமமாக வைத்தால் சோப்ரானோ பஞ்சமத்திலிருந்து பிரதி மத்யமத்தைத் தொட்டு, சுத்த மத்யமத்துக்கு இறங்குகிறது. அரை அரையாக இரண்டே படி. தலை வணங்குவது போல இருக்கும். விலா குத்தப்பட்டதைச் சொல்லும் 'கூயுஸ் லாதுஸ்' வரியில் ஸட்ஜமமே நகர்ந்து எஃப் மேஜர் பக்கம் நிழல் விழுகிறது. 'எஸ்தோ நோபிஸ்' வரும்போது பழைய வெளிச்சம் திரும்புகிறது; பெண் குரல்கள் தொடங்க, ஆண் குரல்கள் பின்தொடர்கின்றன. அந்த நிழலை உங்கள் குழு உணர்ந்தால் போதும். சோக முகம் வைத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள், சுருதி இறங்கும்.

தொடக்கத்தில் 'சோத்தோ வோச்சே', அதாவது அடங்கிய குரலில், என்று எழுதியிருக்கிறார். முதல் பயிற்சியில் ரெக்கார்டிங் எதுவும் போடாமல், அந்த இரண்டாவது 'ஆவே'யை மட்டும் அடங்கிய குரலில் பத்து முறை பாட வையுங்கள். பத்தாவது முறைக்குப் பிறகு கீபோர்டைத் தொட்டு, எவ்வளவு இறங்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.