எறும்புக் கொடுக்கில் இருக்கும் புரதம்: கேட்டதும் சொன்னதும்

எறும்பு நஞ்சில் உள்ள புரதங்களைப் பிரித்து எடைபோடுவதுதான் என் வேலை. சொன்னால் சொந்தக்காரர்களே சிரிப்பார்கள். கேள்வி கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன்; எதிர்பார்த்ததைவிட நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

எறும்பு கடித்தால் எரிவதற்கு ஃபார்மிக் அமிலம் காரணம் என்று இருபது வருடமாகப் பாடம் நடத்துகிறேன். புரதம் எங்கிருந்து வந்தது மேடம்? (பள்ளி ஆசிரியர், மதுரை)

நீங்கள் நடத்தியதும் சரிதான் சார், ஆனால் எல்லா எறும்புக்கும் அது பொருந்தாது. மாமரத்தில் இலையைப் பின்னிக் கூடு கட்டும் முசுறுக்குக் கொடுக்கே கிடையாது. தாடையால் கவ்விக்கொண்டு, வயிற்றை வளைத்து, கடிவாயில் அமிலத்தைப் பீய்ச்சும். கொடுக்கு உள்ள எறும்புகளின் கதை வேறு.

அமெரிக்காவைப் படுத்தியெடுக்கும் சொலினாப்சிஸ் இன்விக்டா என்ற நெருப்பெறும்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1930களில் தென் அமெரிக்காவிலிருந்து அலபாமாவின் மொபைல் துறைமுகம் வழியாக வந்து இறங்கியது. அதன் நஞ்சில் சுமார் 95 சதவீதம் ஆல்கலாய்டுகள், அதாவது நைட்ரஜன் உள்ள, புரதமல்லாத சிறு மூலக்கூறுகள். கொட்டியதும் வரும் எரிச்சலும் மறுநாள் கிளம்பும் சீழ்க் கொப்புளமும் அவற்றின் வேலை. புரதம் என்று பார்த்தால் சொச்சம்தான். ஆனால் ஒவ்வாமை உள்ளவரைச் சாய்ப்பது அந்தச் சொச்சம்.

எறும்பு கடித்த இடத்தில் பாட்டி சுண்ணாம்பு தடவுவார். அமிலத்தைக் காரம் முறித்துவிடும் இல்லையா?

நெருப்பெறும்பின் ஆல்கலாய்டே காரத்தன்மை உடையது. அதை எதை வைத்து முறிப்பது? போதாததற்கு நஞ்சு தோலுக்கு அடியில் போய்விட்டது, சுண்ணாம்பு மேலே நிற்கிறது. சோப்பு போட்டுக் கழுவி, ஐஸ் வையுங்கள். கொப்புளத்தைக் கிள்ளாதீர்கள். பாட்டியிடம் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

இத்தனூண்டு எறும்பிலிருந்து எப்படி அக்கா நஞ்சு எடுப்பீர்கள்? பாம்பு மாதிரி கறக்க முடியுமா?

வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தில் பாம்பு விஷம் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். நல்ல கண்ணாடி விரியன் ஒரே கறவையில் நூறு மில்லிகிராமுக்கு மேல் தந்துவிடும். நெருப்பெறும்பு ஒரு கொட்டில் செலுத்தும் புரதம் பத்து முதல் நூறு நானோகிராம். உச்ச அளவையே வைத்துக்கொண்டாலும், ஒரு விரியனுக்கு ஈடு பத்து லட்சம் கொட்டு!

பெரிய எறும்பு என்றால் கையால்தான். எறும்பை ஃப்ரீசரில் சில நிமிடம் வைத்து மயக்கி, ஐஸ் மேல் உள்ள கண்ணாடித் தட்டில் போட்டு, மைக்ராஸ்கோப்பின் கீழ் கொண்டுவருவோம். ஒரு ஃபோர்செப்ஸால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் கொடுக்கின் நுனியைப் பற்றி மெல்ல இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் கொடுக்கு மட்டும் கையோடு வரும். பொறுமையாக இழுத்தால் பின்னாலேயே பனித்துளி மாதிரி நஞ்சுப்பை வழுக்கிக்கொண்டு வரும். அதிலிருந்து நூல்போல் தொங்குவது நஞ்சுச் சுரப்பி. பக்கத்தில் மங்கலாக ஒட்டிக்கொண்டிருப்பது டூஃபூர் சுரப்பி. அதை அப்போதே வெட்டிவிட வேண்டும். விட்டால் அதன் எண்ணெயும் மாதிரியில் கலந்து, பிறகு எது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். பையைச் சொட்டு நீரில் குத்தி உடைத்தால் வேலை முடிந்தது. ஒன்று.

நெருப்பெறும்பை இப்படி ஒவ்வொன்றாகச் செய்தால் ஓய்வுபெறும் வயது வந்துவிடும். அதற்கு 2013இல் ஓர் எளிய வழி வெளியானது. புற்று மண்ணை வாளியில் போட்டுச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டால், எறும்புகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு தெப்பமாக மேலே மிதக்கும். அதை அள்ளி, ஹெக்சேனும் (தண்ணீரோடு கலக்காமல் மேலே நிற்கும் ஒரு கரைப்பான்) தண்ணீரும் உள்ள குப்பியில் போட வேண்டும். ஆல்கலாய்டு மேலே ஹெக்சேனுக்குப் போகும், புரதம் கீழே தண்ணீரில் தங்கும். அழகான யோசனை. ஆனால் எறும்பின் வாயிலிருந்தும் உடம்பிலிருந்தும் வருவது கொஞ்சம் கலந்திருக்கக்கூடும் என்று சந்தேகப்பட்டே முடிவைப் படிப்பேன்.

எம்.எஸ்சி. படிக்கிறேன் மேடம். எறும்பு நஞ்சை ஜெல்லில் (புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் கூழ்ப்பலகை) ஓட்டினேன். ஒரு பட்டைகூடத் தெரியவில்லை. மாதிரி கெட்டுவிட்டதா?

கெட்டிருக்காது தம்பி, கீழே ஓடிப்போயிருக்கும். எனக்கும் முதல் ஜெல் இப்படித்தான் வெறுமையாக வந்தது. இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. பல எறும்புகளின் நஞ்சில் பெரும்பங்கு சின்னஞ்சிறு பெப்டைடுகள், அதாவது குட்டிப் புரதத் துண்டுகள். அமேசான் காட்டின் புல்லட் எறும்பின் பொனெராடாக்சினில் மொத்தமே 25 அமினோ அமிலங்கள். நரம்பின் சோடியம் வாயிலை மூடவிடாமல் செய்து, வலியை மணிக்கணக்கில் நிறுத்தி வைப்பது அதுதான். இந்த அளவு மூலக்கூறுக்குச் சாதாரண ஜெல் கோலிக்குண்டைச் சல்லடையில் போட்ட மாதிரி இல்லை, ரவையைப் போட்ட மாதிரி. சிறு மூலக்கூறுகளையும் பிடிக்கும் டிரைசின் ஜெல் ஓட்டிப் பாருங்கள், சாயத்துக்குச் சில்வர் ஸ்டெயின்.

அதைவிட நல்லது, மூலக்கூறுகளை எடைபோடும் எந்திரமான மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு நேரே போவது. எனக்கு இன்றைக்கும் அலுக்காத ஒரு சோதனை சொல்கிறேன். நஞ்சை அப்படியே ஒருமுறை எடைபோடுங்கள். பிறகு டிடிடி (டைதயோதிரெய்டால் என்ற வேதிப்பொருள்) சேர்த்து, பெப்டைடை மடித்துப் பிடித்திருக்கும் கந்தகப் பிணைப்புகளை உடைத்து மறுபடி எடைபோடுங்கள். ஒரு பெப்டைடின் எடை 2 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) கூடியிருந்தால் அதில் ஒரு பிணைப்பு இருந்தது. 6 கூடினால் மூன்று. அமினோ அமில வரிசை தெரியுமுன்பே அதன் உருவத்தைப் பற்றி ஒரு துப்பு கிடைத்துவிடுகிறது.

ஒரு கண்ணி: லியூசின், ஐசோலியூசின் என்ற இரண்டு அமினோ அமிலங்களும் ஒரே எடை. எந்திரம் இரண்டையும் பிரித்துச் சொல்லாது. அதனால்தான் நஞ்சுச் சுரப்பியின் ஆர்.என்.ஏ.வையும் படித்து இரண்டையும் பொருத்திப் பார்க்கிறோம். இன்னொரு வேடிக்கை, மாதிரியை எந்திரத்துக்குள் கொண்டுபோகும் திரவத்தில் 0.1 சதவீதம் ஃபார்மிக் அமிலம் சேர்ப்பது வழக்கம். எறும்பின் பெயரையே சூடிய அமிலம் (லத்தீனில் ஃபார்மிகா என்றால் எறும்பு), எறும்புப் புரதத்துக்கே பல்லக்குத் தூக்குகிறது.

மொத்தம் எத்தனை புரதம் இருக்கும்? அவை என்ன செய்கின்றன?

நெருப்பெறும்பு நஞ்சில் 46 புரதங்களை 2012இல் ஒரு குழு அடையாளம் கண்டது. ஒவ்வாமையைக் கிளப்புவதால் மருத்துவருக்கு முக்கியமானவை நான்கு: சோல் ஐ 1, 2, 3, 4. முதலாவது கொழுப்பை வெட்டும் பாஸ்போலிபேஸ். மூன்றாவது குளவி நஞ்சில் இருக்கும் ஒரு புரதத்துக்கு உறவு. இரண்டாவதன் உருவத்தைப் படிகமாக்கிப் பார்த்தபோது, கொழுப்புத்தன்மையுள்ள சிறு மூலக்கூறு உட்காரத் தோதான ஒரு குழி தெரிந்தது.

என்னை அசத்தியது ஆஸ்திரேலியாவின் சிவப்பு ‘புல்’ (bull, காளை) எறும்பு. அதன் நஞ்சில் ஒரு பெப்டைடு, பாலூட்டிகளின் உடம்பில் உள்ள இஜிஎஃப் என்ற, செல் வளர்ச்சியைத் தூண்டும் ஹார்மோனைப் போலவே வேடம் போடுகிறது என்று 2022இல் வெளியானது. கொட்டுப்பட்ட இடம் நாள்கணக்கில் தொட்டாலே நோகும். புற்றைத் தோண்ட வந்த விலங்கு மறுபடி வராது.

என் மகளை எறும்பு கடித்து முழங்கை வரை வீங்கிவிட்டது. இதுதான் அலர்ஜியா?

கடித்த இடத்தைச் சுற்றி மட்டும் வீங்கினால் அது பெரிய உள்ளூர் வீக்கம். டாக்டரிடம் காட்டுங்கள், பதறவேண்டாம். கடித்தது கையில், தடிப்பு வயிற்றில், கூடவே மூச்சுத்திணறல், குரல் கம்மல், வாந்தி, தலைசுற்றல் என்று வந்தால் ஒரு நிமிடம் தாமதிக்காமல் மருத்துவமனை. அங்கே முதல் மருந்து அட்ரினலின் ஊசி. அலர்ஜி மாத்திரை போட்டுவிட்டு வீட்டில் காத்திருக்கக் கூடாது.

டாஸ்மேனியாவில் ஜாக் ஜம்பர் எறும்புக்கு இப்படி ஒவ்வாமை உள்ளவர்கள் சுமார் 3 சதவீதம். அங்கே அந்த எறும்பின் நஞ்சையே சிறுகச் சிறுக ஊசியாகக் கொடுத்துப் பழக்குகிறார்கள். 2003இல் வெளியான சோதனையில், நஞ்சில்லாத வெறும் ஊசி போட்டவர்களில் பத்தில் ஏழு பேருக்கு மறுகொட்டில் உடல் முழுதும் ஒவ்வாமை வந்தது. நஞ்சு ஊசி போட்டவர்களிடம் அது காணவில்லை. புரதத்தைப் பிரித்துப் பார்த்து என்ன லாபம் என்று கேட்கும் மாமாக்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

இதிலிருந்து புற்றுநோய்க்கு மருந்து வருமா?

சோதனைக் குழாயில் செல்லைக் கொல்வது பெரிய காரியமில்லை, சோப்புத் தண்ணீரும் கொல்லும். பாக்டீரியாவைக் கொல்லும் பொனெரிசின் போன்ற பெப்டைடுகள் எறும்பு நஞ்சில் உண்டு. அவற்றில் பல நம் ரத்த அணுக்களையும் உடைக்கும். மருந்து என்று தலைப்பு வந்தால் எலியா, மனிதரா, வெறும் குழாயா என்று பாருங்கள்.

நானும் இந்தத் துறைக்கு வர வேண்டும் அக்கா. எங்கே ஆரம்பிப்பது? (பிளஸ் டூ மாணவி)

உயிர்வேதியியலோ உயிரித்தொழில்நுட்பமோ எதில் சேர்ந்தாலும் சரி, கை பழக வேண்டும்மா. வீட்டில் செத்துக் கிடக்கும், கொடுக்கு உள்ள பெரிய எறும்பை வெள்ளைத் தாளில் வைத்து, பூதக்கண்ணாடியும் ரெண்டு ஊசியும் கொண்டு வயிற்றின் நுனியைத் திறந்து பார். முதல் இருபது நசுங்கித்தான் போகும். கொடுக்கு வளையாமல் வெளியே வந்த அன்றைக்கு எனக்கு எழுது.