கஞ்சியும் சீட்டுப் பணமும்

அன்புள்ள ஐயா,

யாங்கோனில் எங்கள் தெருவில் ஒரு அக்கா சீட்டு நடத்தினார். மகள் கல்யாணத்துக்கென்று மாதாமாதம் கட்டினேன். என் முறை வந்தபோது கைவிரித்துவிட்டார். இப்போது அவர் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. கடவுள் கூலி கொடுத்துவிட்டார் என்கிறார் என் கணவர். ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியாரோ, கடவுள் எல்லாரையும் ஒன்றுபோல நேசிக்கிறார் என்கிறார். ஏமாற்றினவருக்கும் எனக்கும் ஒரே அன்பு என்றால் நான் ஒழுங்காக இருந்து என்ன கண்டேன்? மனசு கேட்காமல் கஞ்சி கொண்டுபோய்க் கொடுக்கிறேன். வாயோரம் வழிவதைத் துடைக்கும்போதுகூட என் பணம்தான் ஞாபகம் வருகிறது. இது அன்பா, நடிப்பா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

பணம்தானே, போனால் போகட்டும் என்று நான் சொல்லமாட்டேன். நம் மியான்மரில் 1964-இல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. 1987-இல் 25, 35, 75 கியாட் நோட்டுகளை மாற்றிக்கொள்ளக்கூட வழியில்லாமல் ஒழித்தார்கள். 2021 ராணுவ ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு நம் பணத்தை நாமே எடுக்க ஏடிஎம் வாசலில் வரிசையில் நின்றோம். இத்தனையும் பட்டவர்கள் வங்கியை விட்டுப் பக்கத்து வீட்டு அக்காவை நம்பியதில் ஆச்சரியம் இல்லை. அந்த நம்பிக்கையும் சேர்ந்து போனதுதான் உங்களை அறுக்கிறது.

உங்கள் கணவருடைய கோபம் நியாயமானது. இறையியல்தான் சரியில்லை. பிறவியிலேயே பார்வையற்றவரைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, இவரும் செய்யவில்லை, இவரைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்றார் இயேசு. பக்கவாதம் வர ரத்தக்கொதிப்பே போதும்.

ஒழுங்காக இருந்து என்ன கண்டேன் என்ற உங்கள் கேள்வியை உங்களுக்கு முன்பே ஒருவன் கேட்டிருக்கிறான். இயேசு சொன்ன ஊதாரி மைந்தன் உவமையில் வரும் மூத்த மகன். சொத்தில் தன் பங்கை வாங்கிப்போய்த் தொலைத்துவிட்டுத் திரும்பிய இளைய மகனுக்கு அப்பா விருந்து வைக்கிற கதை அது. பிரசங்கங்களில் அவனைப் பொறாமைக்காரன் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. அத்தனை வருஷம் உழைத்தவனுக்கு ஓர் ஆட்டுக்குட்டிகூடக் கிடைக்கவில்லை, தொலைத்தவனுக்குக் கொழுத்த கன்று. யாருக்குத்தான் வயிறு எரியாது?

அந்தக் கதை வரும் லூக்கா நற்செய்தியை நிதானமாகப் படித்துப் பாருங்கள். அப்பா அன்று இரண்டு தடவை வெளியே வருகிறார். இளையவனைத் தூரத்தில் கண்டதும் ஓடி வருகிறார். மூத்தவன் வீட்டுக்குள் வர மறுத்தபோது, விருந்தாளிகளை விட்டுவிட்டு அவனிடமும் வந்து கெஞ்சுகிறார். "என்னுடையதெல்லாம் உன்னுடையதே" என்கிறார். இதை வெறும் ஆறுதல் வார்த்தையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சொத்து கதையின் தொடக்கத்திலேயே பிரித்தாகிவிட்டது. திரும்பி வந்தவனுக்கு அங்கியும் மோதிரமும் விருந்தும் கிடைத்தன. இன்னொரு பங்கு கிடைத்ததாகக் கதையில் இல்லை. மூத்தவனுடைய பங்கு அவனுடையதாகவே இருந்தது.

அதனால், கடவுள் அந்த அக்காவை நேசிப்பதாலேயே உங்கள் கணக்கு அடிபட்டுப் போய்விடாது. அவர் கடன் கடன்தான். நீங்கள் ஒழுங்காக இருந்ததற்காகக் கடவுள் உங்களுக்கு ஒரு பிடி அன்பு கூடுதலாகத் தர வேண்டும் என்ற எதிர்பார்ப்பைத்தான் கைவிட வேண்டியிருக்கும். கஷ்டம்தான். மூத்தவன் கடைசியில் உள்ளே போனானா இல்லையா என்று இயேசுவே சொல்லவில்லை.

அப்புறம் கஞ்சி விஷயம். உள்ளுக்குள் பாசம் பொங்கினால்தான் அன்பு என்று யார் உங்களுக்குச் சொன்னார்கள்? சிலுவைக்கு முந்தின இரவு கெத்சமனித் தோட்டத்தில் இயேசுவே, இந்தத் துன்பக் கிண்ணம் என்னைவிட்டு அகலட்டும் என்று கேட்டார். ஆசையாக எழுந்து போகவில்லை, ஆனாலும் போனார். அதை நடிப்பு என்று நாம் சொல்வதில்லையே. பணத்தின் ஞாபகம் வரும்போதும் உங்கள் கை துடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. கஞ்சியைத் தொடர்ந்து கொண்டுபோங்கள். முடியாத நாளில் வேறு யாரையாவது அனுப்புங்கள். அதிலும் குற்றம் இல்லை.

பணத்தைக் கேட்கவும் வெட்கப்பட வேண்டாம். அந்த வீட்டில் சம்பாதிக்கிறவர் யாராவது இருந்தால், பங்குச் சாமியாரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு, மாதம் இவ்வளவு என்று முடிந்ததைப் பேசி எழுதி வாங்குங்கள். கஞ்சி கொண்டுபோகும் நேரத்தில் மட்டும் அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். அதற்கு வேறொரு நாள் போங்கள், கணவரையும் கூட்டிக்கொண்டு.