வவ்வாலை விடுங்கள், டிரம்மைப் பாருங்கள்

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகி: எங்கள் தெருக்கோடி அரசமரம் முழுக்க வவ்வால். போன மாதம் கோழிக்கோட்டிலிருந்து நாத்தனார் வந்துபோன பிறகு, என் ஒன்பது வயது மகனுக்கு நான்கு நாள் காய்ச்சல். மெடிக்கலில் ஆன்டிபயாடிக்கும் வலி மாத்திரையும் வாங்கிக் கொடுத்தேன். பப்பாளி இலைச் சாறும் கொடுத்தோம். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. அன்று மட்டும் வயிற்று வலி, மூன்று முறை வாந்தி. இப்போது நன்றாக இருக்கிறான். லாரித் தண்ணீர்கூட சுத்தமாகத்தான் வருகிறது. வாட்ஸ்அப்பில் வருவதைப் பார்த்தால் வவ்வாலிடமிருந்து வரும் நிபா வைரஸோ என்று தூக்கம் வரவில்லை. இந்த வைரஸ்கள் எங்கிருந்துதான் வருகின்றன?

மருத்துவர் பதில்: நிபா இல்லை அம்மா, தூங்குங்கள். 2018இல் கோழிக்கோடு பக்கம் அது வந்தபோது பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தொற்றியதும் பெரும்பாலும் நோயாளியின் பக்கத்திலேயே இருந்து கவனித்தவர்களுக்கும், மருத்துவமனைக்குள் இருந்தவர்களுக்கும்தான். நாத்தனார் நன்றாக இருக்கிறார் அல்லவா? அப்புறம் என்ன? வவ்வால் கடித்துப் போட்ட பழத்தைப் பிள்ளைகள் எடுக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். மரத்தை வெட்டச் சொல்லி மனு எழுத வேண்டாம்.

எனக்குப் பகீரென்றது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்த ஐந்தாம் நாள். டெங்குவில் காய்ச்சல் கொதிக்கிற நாட்களைவிட அது இறங்குகிற நாள்தான் மோசம். பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவில் வரும். அப்போதுதான் சிலருக்கு ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கும். நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, 'விட்டுடுச்சு' என்று அம்மா அடுப்படிக்குப் போய்விடுவார். பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பான். திரும்பத் திரும்ப வாந்தி எடுப்பான். கை கால் சில்லிட்டிருக்கும், காலையிலிருந்து ஒன்றுக்கே போயிருக்க மாட்டான். சிலருக்கு ஈறில் ரத்தம். இதில் ஒன்று தெரிந்தாலும் காலையில் ஓபி திறக்கட்டும் என்று உட்காராதீர்கள். அந்த ராத்திரியே ஸ்டான்லிக்கோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ ஆட்டோ பிடியுங்கள்.

உங்கள் மகனுக்கு வந்தது டெங்குதானா என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. டெங்கு வந்திருந்தால் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைத் தேடுகிற ஐஜிஎம் பரிசோதனை இப்போதும் ஓரளவு காட்டிக்கொடுக்கும், எடுத்து வையுங்கள். டெங்குவில் நான்கு வகை உண்டு. ஒன்று வந்துபோனவருக்கு இன்னொரு வகை வந்தால் முற்றிப்போக வாய்ப்பு அதிகம்.

அந்த வலி மாத்திரையின் பெயரை ஏன் எழுதவில்லை? இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வகையறா டெங்குவில் ரத்தக்கசிவைக் கூட்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், அதுவும் எடைக்கேற்ற அளவில். ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. மெடிக்கல் கவுன்டரில் நிற்கும் தம்பி நல்ல பிள்ளைதான், ஆனால் டாக்டர் இல்லை. ஏற்கெனவே குமட்டுகிற குழந்தைக்குப் பப்பாளி இலைக் கசப்பைப் புகட்டுவானேன்? கஞ்சியும் ஓஆர்எஸ்ஸும் கொடுங்கள்.

சரி, எங்கிருந்து வருகின்றன? புதியவை பெரும்பாலும் விலங்குகளிடமிருந்து. மலேசியாவில் பழமரங்களுக்கு நடுவே பன்றிப் பண்ணை வைத்திருந்தார்கள். 1998இல் வவ்வாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து பண்ணை ஆட்களுக்கும் நிபா தாவியது. ஆனால் நம் பக்கத்துக்கு முக்கியம், போய்விட்டுத் திரும்பி வருகிறவை. சிக்குன்குனியா 1964இல் இதே மதராஸைப் படுத்தியெடுத்தது. எழுபதுகளுக்குப் பிறகு முப்பது வருடம் ஆளையே காணோம். 2005-06இல் திரும்பி வந்தபோது, இடையில் பிறந்த யாருக்கும் எதிர்ப்புச் சக்தி இல்லை. தெருத்தெருவாக மூட்டு வலியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். வைரஸ்தான் போயிருந்தது, கொசு எங்கேயும் போகவில்லை.

அந்தக் கொசுதான் டெங்குவையும் பரப்புகிறது. பகலில் கடிக்கும். சாக்கடையை அவ்வளவாகச் சீண்டாது, நீங்கள் சொல்கிற அதே சுத்தமான லாரித் தண்ணீர்தான் அதற்கும் வேண்டும். நீல டிரம்மில் இருக்கிற தண்ணீரை வெளியே கொட்டிவிட்டு மறுபடி பிடித்தால் மட்டும் பிரயோஜனமில்லை. முட்டை உள்பக்கச் சுவரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே கறுப்புப் பொடி மாதிரி ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. வாரம் ஒருமுறை டிரம்மைக் காலி செய்து, தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவி, வெயிலில் கவிழ்த்து வையுங்கள். மூடி சரியாக உட்காரவில்லை என்றால் பழைய வேட்டியை இழுத்துக் கட்டுங்கள். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் தேங்குகிற தட்டையும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.